ராத்திரி யாரும் தின்னாத கீரை

இன்றைக்கு மத்தியானம் மூன்றாம் வகுப்புக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே, மில்லுக்குப் போகிற ரோட்டோரத்தில், யார் வீட்டிலோ முருங்கைக்கீரை வேகிற வாசனை வந்தது. எழுதிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. "என்ன டீச்சர், பசிக்குதா?" என்று முன்வரிசை வாயாடி ஒருத்தி கேட்டாள். பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். உன்னை நினைத்துக்கொண்டேன் என்று அதுகளிடம் எப்படிச் சொல்ல? வீடு திரும்பின கையோடு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். போய்ச்சேர்ந்தவளுக்கு எந்த விலாசத்துக்கு எழுதுகிறாய் என்று கேட்காதே. உன்னிடம் பேசாமல் இருந்து எனக்குப் பழக்கமில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்த மிஷன் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் நாம் இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். ஒரே அறை, ஒரே அடுப்பு, தினம் ஒரு சண்டை. பாடம் நடத்துவதில் நீ என்னைவிடக் கெட்டிக்காரி இல்லை. இதை உன் முகத்துக்கு நேரேயே சொல்லியிருக்கிறேன். உன் கெட்டிக்காரத்தனம் வேறு இடத்தில் இருந்தது. காலையில் பிள்ளைகள் உள்ளே வரும்போது நீ வாசலில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாய். "இவ ராத்திரி தூங்கல. அவ வீட்டுல சண்டை போல இருக்கு. அந்தச் சின்னதுக்கு வயித்துல பூச்சி" என்று என் காதில் சொல்லுவாய். "நீ என்ன, குறி சொல்லுறவளா?" என்று நான் கேலி செய்வேன். "முகத்தைப் பாத்தாலே தெரியுதே ஏட்டி, இதுக்குக் குறி வேற கேக்கணுமா?" என்பாய்.

பேச்சியம்மாளை அப்படித்தான் கண்டுபிடித்தாய். செண்பகத்தோப்புக்குப் போகிற பாதையில் ஒரு சின்னக் குடியிருப்பிலிருந்து நடந்து வருகிற பிள்ளை. அப்பா அம்மா இரண்டு பேரும் வயல் வேலைக்காரர்கள். ஆனால் அவள் வாசித்தால் வகுப்பே வாயைப் பிளந்து கேட்கும். அதனால் கிறிஸ்துமஸ் நாடகத்தில் அவளுக்குத்தான் நீளமான வசனம். ஒத்திகை பள்ளிக்கூடம் விட்ட பிறகு. நன்றாகப் பேசிக்கொண்டே இருப்பாள். பொழுது மேற்கே சாய ஆரம்பித்ததும் முகம் மாறும். பாதி வசனத்தில் விட்டுவிட்டு ஓடிவிடுவாள். கூப்பிடக் கூப்பிடத் திரும்பியே பார்க்கமாட்டாள்.

பெரிய டீச்சருக்கு வந்ததே கோபம்! நியாயமாகப் பார்த்தால் அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் சொன்ன சொல்லைக் கேட்காத பிள்ளை என்றால் அவர்களுக்கு ஆகவே ஆகாது. "கொஞ்சம் வாசிக்கத் தெரிஞ்சதும் தலைக்கனம். இன்னொரு தரம் ஓடினா பேரை வெட்டிர வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டார்கள். பேரை வெட்டினால் பேச்சி எங்கே போவாள்? மறுநாளே அம்மாவோடு களை பறிக்கப் போகவேண்டியதுதான்.

அடுத்த நாள் ஒத்திகையில் பெரிய டீச்சரே பக்கத்தில் நின்றதால் அவளால் ஓட முடியவில்லை. விளக்கு ஏற்றுகிற நேரம் வரை நின்றாள். போகும்போது கிணற்றடித் துவைகல்லில் முட்டி விழுந்தாள். முழங்காலில் ரத்தம். "சும்மா வழுக்கிருச்சு டீச்சர்" என்றாள். தரையோ காய்ந்து கிடந்தது. நீ மருந்து போட்டுவிட்டாய். அறைக்கு வந்ததும், "அது திமிரு இல்ல ஏட்டி. அந்தப் பிள்ளை எதையோ மறைக்குது" என்றாய்.

"கூப்பிட்டுக் கேட்டிர வேண்டியதுதான?"

"பத்துப் பேருக்கு முன்னால நிறுத்திக் கேட்டா நீ சொல்லுவியா?"

மறுநாள் ஒத்திகை முடிந்ததும், "பேச்சி, ஒங்க ஊர்ல பால் வாங்கணும், நாங்களும் வாரோம்" என்று ஒரு சாக்குச் சொல்லி அவளோடு கிளம்பினாய். நானும் ஒட்டிக்கொண்டேன். மலை முகட்டில் பொழுது இறங்கிவிட்டது. பேச்சியின் நடை தயங்கியது. கால் விரலால் தரையைத் தடவித் தடவி வைத்தாள். அப்போது நீ அவளிடம், "பேச்சி, எனக்கு இருட்டுன்னா பயம்டி. என் கையைச் செத்த பிடிச்சுக்கிடுதியா?" என்று கேட்டாயே! எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சமையலறைக்குள் வந்த பாம்பைக் குடைக்கம்பால் அடித்துப்போட்டவள் நீ. உனக்கா இருட்டில் பயம்? ஆனால் அந்தப் பிள்ளை உன் கையைப் பிடித்த பிடியைப் பார்த்ததும் என் சிரிப்பு ஓடிவிட்டது.

கொஞ்ச தூரம் போனதும் அவளே சொன்னாள். "டீச்சர், பொழுது சாஞ்சா எனக்கு ஒண்ணுமே தெரியமாட்டேங்கு. அம்மைட்ட சொல்லிராதிய. குருட்டுப் பிள்ளைன்னு வீட்டுல போட்டுருவாக."

மாலைக்கண். எங்கள் ஊர்ப் பக்கமும் நான் பார்த்திருக்கிறேன். அப்படியே விட்டால் பகல் பார்வைக்கும் ஆபத்து. நானாக இருந்தால் அந்த நிமிஷமே அவள் அம்மாவிடம் ஓடியிருப்பேன். நீ நின்றாய். "நீயா சொல்லுற வரைக்கும் நான் சொல்லமாட்டேன். ஆனா இது சரியாகுற சங்கதி, பேச்சி. சொன்னாத்தான் சரி பண்ணலாம்" என்றாய். வீட்டு வாசலுக்குப் போனதும் அவள் உன் கையை விடாமலே அம்மாவிடம் சொன்னாள். பிள்ளையின் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டே அவள் வாயைத் திறக்கவைக்கிற வித்தை எந்த டிரெயினிங் ஸ்கூலிலும் நமக்குச் சொல்லித்தரவில்லை.

அவள் அம்மா அப்போதுதான் வயலிலிருந்து வந்து அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். "ஐயோ, என்ன சாமி குத்தமோ!" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். "குத்தமும் இல்ல, ஒண்ணும் இல்ல. கீரை திங்கணும், அம்புட்டுதான்" என்றாய். நான் வாசலைப் பார்த்தேன். முருங்கைமரம் கூரைக்கு மேலே தழைத்துக் கிடக்கிறது! "வாசல்லயே மரத்தை வச்சுக்கிட்டா பிள்ளைக்கு இந்தக் கதி?" என்று எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது.

அவளுக்கும் கோபம் வந்தது. "கீரையா? ராத்திரி யாராச்சும் கீரை திம்பாகளா டீச்சர்? விடியமுன்ன அவியளும் நானும் கஞ்சியைக் குடிச்சிட்டு வயலுக்குப் போயிருதோம். பிள்ளைக்கும் அதே கஞ்சிதான். அடுப்பு எரியுறதே இந்நேரத்துக்குத்தான். எப்பக் கீரை ஆக்க?"

ராத்திரியில் கீரை ஆகாது என்பது என் வீட்டிலும் உண்டு. ஆனால் எங்கள் வீட்டில் மத்தியானமும் அடுப்பு எரிந்தது. ஒரு நேரம் மட்டும், அதுவும் இருட்டின பிறகு உலை வைக்கிற வீடுகளில் மரம் நிறையக் கீரை இருந்தும் பிள்ளை வாயில் ஓர் இலை போகாது. இதை நான் யோசித்ததே இல்லை. நீ அந்த வழக்கத்தோடு சண்டை போடவில்லை. "ராத்திரி வேண்டாம்மா. நீ காலையில ஒரு கொப்பு ஒடிச்சுப் பிள்ளைட்ட குடுத்துவிடு. மத்தியானம் நான் ஆக்கிப்போடுதேன்" என்றாய்.

பெரிய டீச்சர், "இது பள்ளிக்கூடமா, சத்திரமா?" என்று கேட்டார்கள். "ரெண்டும் இல்ல டீச்சர். வாசிக்கச் சொல்லுறோம், அதுக்குக் கண்ணு வேணும்ல?" என்று நீ மெதுவாகத்தான் சொன்னாய். ஒத்திகையிலிருந்து அவள் ஓடினதற்குக் காரணத்தையும் தனியாகச் சொன்னாய். பெரிய டீச்சர் முழுவதையும் கேட்டுக்கொண்டார்கள். பிறகு, "எண்ணெய் உப்பு என் வீட்டுல இருந்து எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். நீ மற்றப் பிள்ளைகளுக்கும் சேர்த்தே ஆக்கினாய். யார் ஆக்கியதை யார் தின்பது என்று சில வீடுகளில் சாதி முணுமுணுப்பு வந்தது. "திங்கிறது திங்கட்டும், மத்தது வாசனை பிடிக்கட்டும்" என்று விட்டுவிட்டாய். வாசனை பிடித்ததெல்லாம் நாலைந்து நாளில் கிண்ணத்தோடு வந்து நின்றது.

மிஷன் ஆஸ்பத்திரியில் பேச்சிக்கு மீனெண்ணெய் கொடுத்தார்கள். நாற்றம் என்றால் நாற்றம்! அவள் வாயை இறுக்கிக்கொண்டாள். நீ முதல் கரண்டியை நீயே குடித்து, "ஆகா, என்ன ருசி!" என்று நாக்கைச் சப்புக்கொட்டினாய். அவள் குடித்து முடிக்கிற வரை சிரித்த முகமாக இருந்துவிட்டு, சுவருக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தாய். உன் முதுகை நீவிவிட்டது நான்தான். மறுநாளும் அதே கூத்து.

கிறிஸ்துமஸ் நெருங்கின ஒரு சாயங்காலம். ஒத்திகை நடக்கிறது. பொழுது இறங்கியும் பேச்சி போகவில்லை. யாரும் அவளைக் கவனிப்பதாகக் காட்டிக்கொள்ளவில்லை. அது உன் உத்தரவு. முகம் மங்கலாகத் தெரிகிற நேரம். வசனத்துக்கு நடுவில் திடீரென்று நிறுத்தி, தள்ளி நின்ற உன்னைப் பார்த்து, "டீச்சர், ஒங்க கொண்டையில பூ சரிஞ்சு கிடக்கு" என்றாள். நீ பூவைத் தொட்டுப் பார்த்தாய். அப்படியே படியில் உட்கார்ந்து அழுதுவிட்டாய். அடி பைத்தியமே, பிள்ளைகளுக்கு முன்னால் அழக்கூடாது என்று எனக்குச் சொன்னவள் நீ!

போன மழைக்காலத்துக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. நான் இப்போது வேலை பார்க்கிற இந்த ராஜபாளையத்திலிருந்து வந்து சேருவதற்குள் நேரமாகிவிட்டது. கல்லறைத் தோட்டத்தில் மண் போடும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. எல்லாரும் கலைந்து போனபிறகு மலைப்பக்கத்துப் பாதையிலிருந்து ஒரு பெண் தனியாக வேகமாக நடந்து வந்தாள். இடுப்பில் குழந்தை, கையில் விளக்கு இல்லை. பள்ளம் மேடு பார்த்துக் கால்வைத்து, கல்லறைகளுக்கு நடுவே நேராக உன்னிடம் வந்து நின்றாள். பேச்சிதான். "இப்பத்தான் சொன்னாக டீச்சர், ஓடியாந்தேன்" என்றாள். அந்த இருட்டில் அவள் வந்த நடையை நீ பார்த்திருக்க வேண்டும்.

உன்னைப் போலப் பொறுமை எனக்கு இந்த ஜென்மத்தில் வராது. இப்போதும் பிள்ளை முரண்டு பிடித்தால் முதலில் கோபம்தான் வருகிறது. ஆனால் திட்டுவதற்கு முன் அந்தப் பிள்ளையின் வீடு வரை ஒரு நடை நடந்துவிடுகிறேன். அதை மட்டும் உன்னிடமிருந்து பிடித்துக்கொண்டேன். இப்போது நாலாம் வகுப்பில் ஒருத்தி இருக்கிறாள். அம்மாவுக்கு மில்லில் வேலை. பிள்ளை எது கேட்டாலும் வாயே திறப்பதில்லை. நேற்று வீட்டுக்குப் போனேன், பூட்டிக் கிடந்தது. இன்றைக்கும் போய்விட்டுத்தான் வருகிறேன். அம்மா அசதியில் தூங்கிவிட்டாள், பிள்ளை வாசலில் உட்கார்ந்திருந்தது, பக்கத்தில் நானும் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஏன் பேசமாட்டேன் என்கிறாள் என்று இன்னும் தெரியவில்லை. நாளைக்கும் போகிறேன்.