அம்மாவுக்காகக் கட்டிய வண்டி

இயேசு மரி சூசை

கடத்தூர்
9-11-1986

அன்பு மகள் புஷ்பமேரிக்கு அப்பா எழுதுவது. நீ அங்கே சுகமாயிருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறோம். ராஞ்சியில் குளிர் தொடங்கிவிட்டது என்று எழுதியிருந்தாய், காலுறை இல்லாமல் வார்டுக்குப் போகாதே. எங்கள் சுகம் ஒரு வரியில் அடங்கவில்லை. அதனால்தான் இன்லண்டு வாங்காமல் தாளில் எழுதுகிறேன். உன் கடிதம் போன வாரம் வந்தது. நர்ஸ் படிப்பை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அந்த இடம் வந்ததும் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.  அவள் "வண்டி கெட்டதப் பத்தி அவளுக்கு யாருங்க சொன்னது" என்று கேட்டாள். உன் தம்பி இன்னாசிராஜ்தான் எழுதியிருப்பான் என்றேன். "அவன் கை வெளங்காம போவ" என்றாள். தம்பியைத் திட்டும்போது மட்டும் அவள் குரல் பழையபடி இருக்கிறது. வண்டி நன்றாக ஓடுகிறது, ஒரு குறையும் இல்லை என்று உனக்கு எழுதச் சொல்கிறாள். நான் நடந்ததை எழுதுகிறேன்.

சித்தேரி பஸ்ஸின் மேலிருந்து துணி மூட்டையை இறக்கும்போது அம்மா விழுந்து கால் இரண்டும் அசையாமல் போனதே, அன்றிலிருந்து நான் சந்தைக்குப் போனால் அவள் வீட்டில் தனி. பக்கத்து வீட்டு ராயம்மாள் களையெடுக்கப் போய்விடுவாள். காலையில் எந்தப் பக்கம் படுக்க வைத்துவிட்டுப் போனேனோ, பொழுது சாய்ந்து வரும்போதும் அதே பக்கம். இடுப்புக்குக் கீழே புண் வைத்தது. லீவில் வந்தபோது நீ பார்த்தாய். அப்போதே படிப்பை விடுகிறேன் என்றாய். அந்தப் பேச்சுக்குப் பதிலாகத்தான் இந்த வண்டியை எடுத்தேன். பின்பக்கம் பாதி துணி அடுக்கு, பாதி அம்மாவுக்குக் கட்டில். சந்தைக்குச் சந்தை அவளும் கூட வருவாள், நான் அவ்வப்போது திருப்பிப் படுக்க வைப்பேன், நீ அங்கே படிப்பாய். இவ்வளவுதான் நினைத்தது. பெரிய ஆசை இல்லை. சேலம் ஏஜென்சியில் எஞ்சினும் சக்கரமும் டிரைவர் கூண்டும் மட்டும்தான் தருவார்கள், பின்னால் மொட்டை. அதை நாமக்கல் பக்கம் ஒரு பட்டறைக்கு ஓட்டிப்போய் நாமேதான் பாடி கட்டிக்கொள்ள வேண்டும். வண்டியைக் கொடுக்கும்போதே ஏஜென்சியில் சொன்னார்கள், இத்தனை கிலோமீட்டருக்குள் முதல் சர்வீசுக்குக் கொண்டுவந்து கூப்பனில் சீல் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் கேரண்டி கிடையாது என்று. கேட்டுக்கொண்டுதான் வந்தேன். ஆனால் புது வண்டி முதலில் வேளாங்கண்ணிக்குத்தான் போக வேண்டும் என்று அம்மா நேர்ந்திருந்தாள். போகும் முன் சேலத்தில் சர்வீசை முடித்துவிடலாமா என்று கேட்டதற்கு, "மாதாவுக்குக் காட்டாத வண்டிய மெக்கானிக்குக் காட்டுறதாங்க" என்றாள். எனக்கும் அது சரியாகவே பட்டது. இப்போதும் தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை. ராயம்மாள் வீட்டார், கோயில் உபதேசியார் பெரியநாயகம், இன்னாசி, எல்லோரும் ஏறிக்கொண்டார்கள். அம்மா படுத்தபடி ஜெபமாலை சொல்ல நாங்கள் பதில் சொன்னோம். ஜன்னலெல்லாம் திறந்து கிடந்தது, நல்ல காற்று. திரும்பி வந்தபோது சர்வீசுக்குச் சொன்ன தூரம் தாண்டிப் போயிருந்தது. மறுநாள் கம்பைநல்லூர் சந்தை. சந்தையை விட்டுவிட்டு யார் சேலம் போவது.

அந்த முதல் சில வாரங்களைப் பற்றி உனக்கு எழுதியிருந்தேன், அதில் பொய் இல்லை. பின்கதவைத் திறந்து வைத்தால் அதுவே கடை. அம்மா தலையணையில் சாய்ந்துகொண்டு விலை சொல்வாள். சித்தேரி மலையிலிருந்து வரும் செல்லி ஒரு நாள், "ஏக்கா, நடமாடிக்கிட்டு இருந்தப்பவே ஒத்த ரூவா கொறைக்க மாட்ட, இப்பப் படுத்துக்கிட்டு வேற யாவாரம் பண்ற, உங்கூட சண்ட கூட போட முடியலியே" என்றாள். "படுத்திருக்கறவகிட்ட பேரம் பேசினா பாவம்டி, சேலைய எடுத்துக்கிட்டுக் காச வெச்சிட்டுப் போ" என்று அம்மா சொன்னதும் சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். புண் காயத் தொடங்கியிருந்தது. பிறகு மழை வந்தது. கூரைத் தகரம் இணையும் இடத்தில் ஒழுகியது, சரியாகக் கட்டிலின் மேல். மேட்டில் ஏறும்போது இரண்டாம் கியர் தானாகக் கழன்றது. இவையெல்லாம் பெரிதில்லை. மழைக்காக ஜன்னல்களை அடைத்தோம், அடைத்த பிறகுதான் சைலன்சர் புகை உள்ளே வருவது தெரிந்தது. தெரிந்தது என்று எழுதுகிறேன், எனக்குத் தெரியவில்லை, நான் முன்னால் இருந்தேன். தலை வலிக்கிறது என்றாள், பசியாக இருக்கும் என்றேன்.

எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு சின்ன ஜன்னல் வைத்திருந்தோம். அதன் வழியாகப் பேசிக்கொண்டே வருவாள். யார் என்ன வாங்கினார்கள், யார் விலை கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள், எந்தப் பாவாடையில் சாயம் போகும். கம்பைநல்லூரிலிருந்து திரும்பிய ஒரு நாள் பேச்சு நின்றுவிட்டது. தூங்குகிறாள் என்று நினைத்தேன். தூக்கம் கலையக் கூடாது என்று மெதுவாக ஓட்டினேன். மெதுவாக. அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். வழியில் டீக் குடிக்க நிறுத்திக் கதவைத் திறந்தேன், புகை முகத்தில் அடித்தது. அவள் கண் செருகியிருந்தது. தூக்கி வந்து வெளியே சேற்றில்தான் கிடத்தினேன், வேறு இடம் இல்லை. டீக்கடைக்கார அம்மாள் சென்னம்மாள் ஓடிவந்து முகத்தில் தண்ணீர் அடித்தாள். "ஏனுங்க, பொம்பளைய மூட்ட மாதிரி உள்ள போட்டு அடைச்சிக்கிட்டு வருவாங்களா" என்று கத்தினாள். வாந்தி எடுத்த பிறகு கண்ணைத் திறந்தாள் உன் அம்மா. முதலில் சொன்னது, "கதவ மூடுங்க, துணி நனையுது."

மறுநாளே இன்னாசியையும் கூட்டிக்கொண்டு சேலம் போனேன். சர்வீஸ் பார்க்கிறவர் வண்டிக்குக் கீழே குனிந்து பார்த்துவிட்டு, "சைலன்சர் எங்குளுதுதாங்க, உள்ள வர்ற ஓட்ட பட்டறக்காரருது" என்றார். பட்டறைக்குப் போனோம். பட்டறைக்காரர், "பொகைய நாங்களா உடறோம்? எஞ்சின் கோளாறுங்க அது. நாங்க அடிச்ச பலகையில எறும்பு நொழையாது" என்றார். "எறும்பு நொழையலீங்க, பொகதான் நொழையுது" என்றான் இன்னாசி. அடி விழும் போலிருந்தது, இழுத்துக்கொண்டு வந்தேன். மறுபடி சேலம். இந்த முறை கூப்பனைக் கேட்டார்கள். முதல் சீல் விழவேண்டிய இடம் காலியாக இருந்தது. வேளாங்கண்ணி போனதைச் சொன்னேன், அம்மாவின் நிலைமையைச் சொன்னேன், மூச்சு நின்று போகப் பார்த்ததைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "அப்ப கேரண்டியையும் மாதாகிட்டயே கேட்டிருக்கலாமேங்க" என்றார். பக்கத்து மேசையிலும் சிரித்தார்கள்.   காசு கொடுத்தால் பார்க்கிறோம் என்றார்கள், வண்டியை விட்டுவிட்டு வந்தேன். வண்டி அங்கே கிடந்த நாளெல்லாம் அம்மா இங்கே தனியாகக் கிடந்தாள்.

சரியாகிவிட்டது என்று சொல்லி வண்டியைக் கொடுத்தார்கள். நம்பவில்லை. இன்னாசியை ஓட்டச் சொல்லிவிட்டு அம்மாவின் கட்டிலில் நான் படுத்துக்கொண்டேன், எல்லாவற்றையும் அடைத்துவிட்டு. அங்கிருந்து தெரிவது கொஞ்சம்தான். தகரம். துணி அடுக்கின் ஓரம். சின்ன ஜன்னலில் ஓட்டுகிறவனின் பின்தலை. இத்தனை நாளும் அவள் என் பின்தலையோடுதான் பேசிக்கொண்டு வந்திருக்கிறாள். தொப்பூர் மேட்டில் கியர் கழன்றது, எஞ்சின் அலறியது, கட்டிலுக்கு அடியிலிருந்து புகை வந்தது. முதலில் ஒரு வாசனை. பிறகு நெற்றியில் ஒரு பாரம். பிறகு ஒன்றும் வேண்டாம் போல ஒரு சோம்பல். பயம் வரவில்லை, அதுதான் பயம். எனக்குக் கால் இருக்கிறது. எழுந்து கதவைத் திறந்துகொண்டேன். வடக்கே வண்டி செய்யும் கம்பெனிக்கும் எழுதினேன், இங்கிலீஷில், மரியாதையாக. பதில் வந்தது. வருந்துகிறோம் என்று தொடங்கி வருந்துகிறோம் என்று முடிந்திருந்தது.

இப்போது மறுபடி மூட்டை, மறுபடி பஸ். அம்மா வீட்டில். காய்ந்த புண் திறந்துகொண்டது. உபதேசியார்தான் சொன்னார், சேலம் தாண்டி சிஸ்டர்கள் நடத்தும் இல்லம் ஒன்றில் படுக்கையாய்க் கிடப்பவர்களை வைத்துப் பார்க்கிறார்கள் என்று. அம்மா உடனே சரி என்றாள். "அங்க நாலு பேரு இருப்பாங்க, திருப்பிப் போடுவாங்க. நீங்க யாவாரத்தப் பாருங்க, புள்ள பரீட்ச எழுதட்டும்" என்றாள். எனக்கும் வேறு வழி தெரியவில்லை. போன செவ்வாய்க்கிழமை ஒரு சிஸ்டர் வந்து பார்த்தார்கள், நல்ல மாதிரி. ஆண்கள் உள்ளே வரலாமா என்று அம்மா கேட்டாள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முன்னறையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்றார்கள். முன்னறைக்கு எழுந்து வர முடியாதவர்களை எப்படிப் பார்ப்பது என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அம்மா "சரிங்க சிஸ்டர்" என்றாள். அவர்கள் போன பிறகு சுவர்ப் பக்கம் திருப்பிவிடச் சொன்னாள். திருப்பிவிட்டேன். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன், முகத்தைக் கூடத் திருப்பவில்லை. ராயம்மாள் வந்து "என்னாக்கா, இப்பவே மடத்துல சேந்துட்டியா, பேச மாட்டேங்கற" என்று கேலி பண்ணிப் பார்த்தாள். அதற்கும் இல்லை. மறுநாள் நான் சந்தைக்குப் போகவில்லை. இல்லத்துக்கு அனுப்பவில்லை என்று உபதேசியாரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

வண்டியை விற்கப் போகிறேன். தக்காளி மண்டி நஞ்சப்பன் வந்து பார்த்தார். மறைக்க மனமில்லாமல் புகை வருவதைச் சொன்னேன். "பொக வந்தா தக்காளிக்கு என்னாங்க, அது மூச்சா வுடுது?" என்றார். அவர் சொன்னது சரி. கட்டிலைக் கழற்றிவிட்டுத் தரச் சொல்லியிருக்கிறார். நானும் இன்னாசியும் கழற்றினோம், பட்டறைக்காரர் அதை மட்டும் நன்றாக இறுக்கியிருந்தார். இனி மூட்டைகளை இன்னாசி பஸ்ஸில் கொண்டுபோவான். அவனுக்குப் பேரம் வராது, கேட்ட விலைக்குக் கொடுத்துவிடுவான், ஒரு வருஷத்தில் வாடிக்கை எல்லாம் போய்விடும், தெரியும். நான் வீட்டில் இருக்கப் போகிறேன். அம்மாவுக்குக் கோபம். "ஆம்பள வூட்ல உக்காந்து பொம்பளைக்குச் சேவகம் பண்ணா சந்தையில என்னா பேசுவாங்க" என்றாள். நான்தான் சந்தையில் இருக்கப் போவதில்லையே, பேசட்டும் என்றேன். சிரிக்கவில்லை. ஆனால் சுவர்ப் பக்கத்திலிருந்து திருப்பச் சொன்னாள்.

இது சரியா என்று தெரியவில்லை கண்ணு. புண் ஆறும் என்று டாக்டர் சொல்லவில்லை. ஆறாது என்றும் சொல்லவில்லை, அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். நம்பிக்கையாக ஏதாவது எழுத வேண்டும் என்று பார்க்கிறேன், கிடைக்கவில்லை. ஒன்று மட்டும் நிச்சயம். நீ வரக் கூடாது. பரீட்சைக்கு முன்னால் நீ வந்து நின்றால், இந்த வீட்டில் கிடக்கிற ஆள் இரண்டாகிவிடும். நீ படிக்கிறாய் என்பதைச் சொல்லித்தான் அவள் ஒவ்வொரு நாளும் சாப்பிடுகிறாள், ராயம்மாளிடம், பால்காரனிடம், யார் வந்தாலும். உனக்கு ஏதாவது செய்ய வேண்டுமென்று தோன்றினால் இதைச் செய். எனக்கு அவளைத் திருப்பத் தெரியவில்லை. இத்தனை நாள் திருப்பியிருக்கிறேன், இழுத்துத்தான் திருப்பியிருக்கிறேன். அவள் தோல் கட்டிலில் விரித்த பாயில் உரசுகிறது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு ஒன்றுமில்லை என்கிறாள். நீங்கள் அங்கே தனி ஆளாக ஒரு நோயாளியை எப்படித் திருப்புகிறீர்கள், கை எங்கே கொடுப்பது, எந்தக் காலை முதலில் மடக்குவது, எத்தனை நேரத்துக்கு ஒரு முறை, புண்ணைத் துடைக்க உப்புத் தண்ணீரா வேறா, துணி எப்படி மடிப்பது, எல்லாம் எழுது. பாடம் சொல்வது போல எழுது. அப்பாவுக்கு இது தெரிந்திருக்கும் என்று எதையும் விட்டுவிடாதே.

மாதா உன்னைக் காப்பாற்றட்டும். பூசையை விடாதே, சாப்பாட்டையும் விடாதே. அம்மா உன் தலையில் கை வைத்ததாக நினைத்துக்கொள்ளச் சொல்கிறாள். பதிலில் படம் வரைந்து அனுப்ப மறக்காதே, இடது பக்கம் திருப்பும்போது என் முழங்கால் கட்டிலில் எந்த இடத்தில் ஊன்ற வேண்டும் என்று.

உன் அன்புள்ள அப்பா,
ம. சவுரியப்பன்