கைப்பையோடு காத்திருந்த பெரிய மருத்துவர்

லீட்ஸ், இங்கிலாந்து

என் வணக்கத்திற்குரிய அம்மா,

நான் நலமே. நம் நோர்வூட் தேயிலைத் தோட்டத்தில் மழை ஓய்ந்ததா? உங்கள் கழுத்துக் கட்டி பெரிதாகியிருப்பதாகத் தங்கை நிலக்ஷி சொன்னாள். மருத்துவமனைக்கு அழைத்தால், "எம்மகன் பெரிய டொக்டரா வரட்டும்டி, அவங் கையாலதான் வெட்டிக்குவேன்" என்கிறீர்களாமே!

அம்மா, மருத்துவப் படிப்பு, மேற்படிப்பு, இங்கே இந்த இறுதிப் பயிற்சி என்று எத்தனை படிகள் ஏறிவிட்டேன்! இன்னும் நிபுணர் நியமனம் எப்போது வருமென்று யாரறிவார்? என் பதவி காத்திருக்கும், கட்டி காத்திருக்குமா?

சென்ற வாரம் இங்கே ஒரு வேடிக்கை. முப்பது ஆண்டுகள் கத்தி பிடித்த எங்கள் தலைமை அறுவை மருத்துவரின் மனைவிக்குக் குடல்வால் அழற்சி. அவரோ அருகில்கூட வரவில்லை. சொந்த உறவின்மேல் கத்தி வைத்தால் கணிப்பு தவறும் என்பது எங்கள் தொழிலின் அறம். கத்தியை என்னிடம் தந்துவிட்டு, மனைவியின் கைப்பையை மடியில் அணைத்தபடி வாசலில் வியர்த்துக்கொண்டிருந்தார்! அம்மையார் நலமாக வீடு திரும்பிவிட்டார்.

நான் எவ்வளவு உயர்ந்தாலும் உங்களுக்கு அறுவை செய்யப்போவது வேறொருவரே. ஆகவே, கடிதம் கண்டதும் வரும் செவ்வாய்க்கிழமையே நகர மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மருத்துவர் சொல்வதை ஒன்றுவிடாமல் நிலக்ஷி எனக்குச் சொல்லட்டும். அப்படியே தோட்டத்துச் செய்திகளையும் சற்று நீட்டியே சொல்லட்டும்.

வார்டில் அழைக்கிறார்கள். உங்கள் பையை மடியில் வைத்திருக்க நான் அங்கில்லையே. அதை நிலக்ஷியிடம் கொடுங்கள்.

உங்கள் மகன்,
மதுரன்