அன்று நீங்கள் டாக்டரிடம் கேட்டது

அண்ணி,

காலையிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாப்பாவுக்குச் சளி. நெஞ்சில் தடவலாமென்று தைலப் புட்டியைத் திறந்தேன். அந்த வாசனையோடு மேட்டுப்பாளையம் பஸ்ஸும், பக்கத்து சீட்டில் நீங்களும் வந்துவிட்டீர்கள். அவளுக்கு ஐந்து வயதாகிவிட்டது. இன்னும் ஒவ்வொரு இருமலுக்கும் அவள் முதுகில் காதை வைத்துக் கேட்கிறேன்.

ஆறாம் மாத ஸ்கேனில் குன்னூர் டாக்டர் சட்டென்று பேச்சை நிறுத்தினார். குழந்தையின் வலது நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கிறது, இதயத்தையே ஒரு பக்கமாகத் தள்ளுகிறது என்றார். தானாக வற்றினாலும் வற்றலாம். கூடிக்கொண்டே போனால் உடம்பெல்லாம் வீங்கி, பிழைப்பது கஷ்டம். கோயம்புத்தூருக்கு எழுதிக் கொடுத்தார். என் வீட்டுக்காரருக்கு, அதாவது உங்கள் தம்பிக்கு, ஃபேக்டரியில் லீவு கிடைக்கவில்லை. "நான் வாரேன், கெளம்பு அம்மிணி" என்று நீங்கள்தான் பையை எடுத்தீர்கள். வாரம் தவறாமல் மலை இறங்கினோம். வளைவுகளில் எனக்குக் குமட்டும்போதெல்லாம் கைக்குட்டையில் தைலம் தொட்டுக் கொடுப்பீர்கள்.

மூன்றாம் வாரம் நீர் கூடியிருந்தது. தோலுக்கடியிலும் வீக்கம் தொடங்கியிருந்தது. என் வயிற்றின் வழியே ஊசி செலுத்தி, குழந்தையின் நெஞ்சில் மெல்லிய குழாய் வைத்தால் நீர் வடியலாம். அதிலும் ஆபத்து உண்டு என்றார் அங்கிருந்த டாக்டரம்மா. நீங்கள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"ஏனுங்க டாக்டர், எனக்கும் ஒண்ணு எட்டாம் மாசத்துல ஒடம்பெல்லாம் ஊதிப்போயி, செத்துப் பொறந்துச்சுங்க. தேயிலைக் கொழுந்து மூட்டை தூக்குனதாலதான்னு சொன்னாங்க. அதும் இதுதானுங்களா?"

இருபது வருடமாக வீட்டில் யாரிடமும் நீங்கள் எடுக்காத பேச்சு.

"இப்ப உறுதியா சொல்ல முடியாதும்மா. ஆனா மூட்டை தூக்குனா குழந்தை அப்படி ஊதாது. உங்க மேல தப்பில்ல."

முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டீர்கள். பிறகு என் கையைப் பிடித்து, "வெச்சுப் பாத்தரலாம்" என்றீர்கள்.

வைத்தார்கள். வீக்கம் மெல்ல வடிந்தது. ஒரு மாதம் முந்திப் பிறந்தவள், நெஞ்சில் மறுபடியும் ஒரு குழாயோடு பத்து நாள் கண்ணாடிப் பெட்டியில் கிடந்தாள். வெளியே வந்ததும் அவளை முதலில் வாங்கியது உங்கள் கைகள்தான்.

எத்தனை குழந்தைகள் என்று யாராவது கேட்டால், முன்பெல்லாம் "இல்லீங்க" என்று நகர்ந்துவிடுவீர்கள். அதன்பின், "ஒரு பொண்ணு இருந்தாளுங்க" என்று நின்று சொன்னீர்கள்.

போன ஐப்பசியில் மாரடைப்பு உங்களைக் கொண்டுபோனது. நேற்று துக்கம் கேட்க வந்த ஒருத்தி, "பாவம், கொழந்தையே இல்லாமப் போயிட்டாங்க" என்றாள். காப்பி எடுக்க உள்ளே போனவள் பாதியில் திரும்பி வந்தேன்.

"இல்லீங்க. எங்க அண்ணிக்கு ஒரு பொண்ணு இருந்தாளுங்க" என்றேன்.