நான் நீக்கிய பிரிவு

அன்புள்ள அக்காவுக்கு,

ஊரில் அம்மா நலம். நீ நலமா என்று இந்த முறை கேட்கவில்லை. லாண்டரியில் துணி மடிக்கும் மேசையில் வைத்து இதை எழுதுகிறேன். தலையணை உறைக்குள் வைத்து உன்னிடம் சேர்ப்பதாக, உன் முதலாளி வீட்டுத் துணியை எடுக்க வரும் லாண்டரி அக்கா சொல்லியிருக்கிறார். படித்ததும் கிழித்துவிடு.

போன மாதம் அவர் வழியாக நீ அனுப்பிய வரிகள் மனப்பாடமாகிவிட்டன. அடையாள அட்டை முதலாளியின் அலமாரியில். வெளியேறினால் நகைத் திருட்டுப் புகார். நான்கு வருடமாகச் சம்பளமில்லாத வீட்டு வேலை.

அப்போதே இங்குள்ள காவல் நிலையத்துக்கு வந்தேன். இன்ஸ்பெக்டர் மரியாதையாக டீ வரவழைத்தார். "பூட்டி வைக்கலையே தம்பி, அந்தம்மா கடைக்குப் போகுது, வருது. அடிமைன்னு சொல்றீங்க, சரி. எந்தப் பிரிவுல போடட்டும்? நீங்களே சட்டத் துறைதானே, சொல்லுங்க" என்றார்.

அப்படி ஒரு பிரிவு இல்லை, அக்கா. அதை நீக்கியவன் நான்.

வேலையில் சேர்ந்த முதல் வருடம். பழைய சட்டங்களில் வழக்கொழிந்தவற்றைப் பட்டியலிடும் பணி. ஐம்பது வருடம் யாரும் பயன்படுத்தாத பிரிவு என்றால் ஓரத்தில் பென்சில் கோடு. ஒருவரை அடிமையாக வைத்திருப்பது குற்றம் என்ற பிரிவுக்கும் கோடு போட்டேன். குறிப்பும் எழுதினேன்: அரசியலமைப்பே அடிமைமுறையைத் தடை செய்கிறது, சர்வதேச உடன்படிக்கையிலும் கையெழுத்திட்டிருக்கிறோம், எனவே இது மிகை. மேலதிகாரி சிரித்தார். "இந்தக் காலத்துல எவன்யா அடிமை வெச்சிருக்கான், எடுத்துடு" என்றார். குறிப்பைப் பாராட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அரசியலமைப்பு கூடாது என்கிறது. மீறியவனுக்கு என்ன தண்டனை என்று சொல்வதில்லை. உடன்படிக்கை, சட்டம் இயற்றுவோம் என்று பிற நாடுகளுக்கு நாம் கொடுத்த வாக்கு. அதைக் காட்டி யாரையும் கைது செய்ய முடியாது. தண்டனையைச் சொன்ன ஒரே இடம் நான் கோடு போட்ட அந்த ஐந்து வரி.

இப்போது புதிய சட்டம் நிறைவேறியிருக்கிறது. அடுத்த மாதம் முதல் தேதி அமலுக்கு வரும். ஆனால் நடந்து முடிந்ததற்கு அதில் தண்டனை கிடையாது. அதையும் அரசியலமைப்பே தடுக்கிறது. முதல் தேதிக்குப் பிறகும் நீ அந்த வீட்டில் இருந்தால்தான் முதலாளி குற்றவாளி. "இன்னும் மூணு வாரம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கச் சொல்லுப்பா, ஆளை உள்ள தள்ளிடலாம்" என்றார் மேலதிகாரி. அதை உன்னிடம் கேட்கலாம் என்றுதான் நானும் கிளம்பினேன்.

கிளம்பும்போது தபாலில் உன் கடிதம் வந்தது. உன் கையெழுத்துதான். 'மதிப்பிற்குரிய தம்பி அவர்களுக்கு, இங்கே மகிழ்ச்சியாக இருக்கிறேன். யாரிடமும் விசாரிக்க வேண்டாம்.' டேய் என்று தொடங்காமல் நீ எனக்கு எழுதியதே இல்லை. இன்ஸ்பெக்டர் முதலாளியிடம் பேசியிருக்கிறார்.

நேற்று வாசலுக்கே வந்தேன். "அப்படி யாரும் இங்க இல்லைங்க" என்றார் காவலாளி. மாடியில் நீ ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தாய். கீழே பார்க்கவில்லை.

லாண்டரி அக்கா சொன்னதுதான் தூங்கவிடவில்லை. "அது இப்பல்லாம் பேசறதில்லப்பா, தலையை மட்டும் ஆட்டுது. இந்த வாரக் கடைசியில வீடு மாறுறாங்களாம். எங்கேன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கறாங்க."

வழக்கு வேண்டாம், அக்கா. வியாழக்கிழமை காலை லாண்டரி வண்டி வரும். அழுக்குத் துணி மூட்டையோடு நீயும் ஏறிவிடு. அட்டை கிடக்கட்டும். முதலாளி வெளியே நிம்மதியாக நடமாடட்டும். உன்மேல் புகார் கொடுப்பார். திருட்டுக்குப் பிரிவு இருக்கிறது. கொடுக்கட்டும், உன் பக்கத்தில் நான் நிற்பேன்.

வண்டி உன்னை இறக்கிவிடும் பஸ் ஸ்டாண்டில் காலையிலிருந்தே இருப்பேன். வரவில்லை என்றால் வெள்ளியும் இருப்பேன். அதற்கு மேல் எழுதத் தெரியவில்லை. வந்து, அத்தனை பேர் முன்னால் என்னைக் கன்னத்தில் அறை. அதற்காகவாவது வந்துவிடு.

உன் அடிக்குக் காத்திருக்கும்,
தம்பி