வேலைக்குத் தகுதி

1962 ஜூன் 4, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. கொட்டாஞ்சேனைச் சந்தி வரை வெள்ளம். காலில் போட்டிருந்த வெள்ளைச் சப்பாத்து நாசம்.

பேச்சுப் போட்டிக்குப் பாடசாலையிலிருந்து நான்தான். 16ஆம் திகதி, வெள்ளவத்தையில். தலைப்பு ‘முன்னோடி ஒருவர்’. ஐந்து நிமிடம். நான் எடுத்திருப்பவர் ஓர் ஆபிரிக்க டொக்டர். நூலகத்தில் கிடைத்த மெல்லிய ஆங்கிலப் புத்தகம். பெயர் நீளம், இங்கே டொ. என்று மட்டும்.

பக்கத்து மேசை ரஷீதா: “வேற ஆளே கெடைக்கலியா? நீ அவர்ட பேரச் சொல்லி முடிக்கவே அஞ்சு நிமிசம் போயிடும்.”

ஜூன் 6, புதன்

டொ. பற்றி இதுவரை:

– தன் மாவட்டத்தில் முதன்முதல் டொக்டரானவர்.
– ஆனாலும் நேற்று வந்த வெள்ளைக்கார டொக்டருக்கும் கீழேதான் பதவி.
– வேலையை விட்டார். சொந்த மருந்துச்சாலை. பிறகு தேர்தல், சட்டசபை.
– சபையில் முதல் பேச்சு கட்டாய வேலைக்கு எதிராக. (கிராமத்து ஆண்களைப் பிடித்துப்போய் வெள்ளைக்காரர் தோட்டங்களில் விடுவார்களாம்.)

அப்பாவுக்காக மருந்துப் போத்தல்களில் ஒட்டும் அளவுத் தாள்கள் வெட்டினேன். நாற்பது. அப்பா இங்கே ஒரு டொக்டரிடம் மருந்து கலப்பவர். முன்பு மலையில் தேயிலைத் தோட்டமொன்றில் டிஸ்பென்சர். அங்கே எல்லோரும் ‘டொக்டர் ஐயா’ என்பார்களாம். நான் அப்போது கைக்குழந்தை. ஏன் விட்டு வந்தோம் என்றால், “மழ ஒத்துக்கல” என்பார். இங்கே மட்டும் மழை இல்லையா?

ஜூன் 9, சனி

புத்தகத்தில் ஓர் அதிகாரத்தைக் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். டொ. அரசாங்க வேலையில் இருந்தபோது, பிடித்து வந்த ஆண்களைச் சோதித்தவர் அவரேதான். ‘வேலைக்குத் தகுதி’ என்று கையெழுத்து. காய்ச்சல்காரருக்கும். மேலதிகாரி கேட்ட ஆள்தொகை வர வேண்டும். ஒருவர் வழியிலேயே இறந்தார். பிற்காலத்தில் டொ. தன் கையாலேயே இதை எழுதி வைத்திருக்கிறார்.

பத்தி ஒன்று சேர்த்தேன். பேச்சில் அதுதான் மிக நன்றாக வந்திருக்கிறது. இப்படி எழுதியதும் வெட்கம். இறந்தவர் ஒரு மனிதர்.

பின்னேரம் அப்பா, அம்மா முன் பேசிப் பார்த்தேன். அந்த இடம் வந்ததும் அப்பா எழுந்து வெளியே போனார். செருப்புக்கூடப் போடவில்லை. நல்ல மழை.

“நான் பெழையாச் சொல்லிட்டேனாம்மா?”

“இல்ல புள்ள. வந்து சாப்புடு.”

ஜூன் 10, ஞாயிறு

கோயிலுக்குப் போகும் வழியில் அம்மா சொன்னது.

தோட்டத்தில் சுகமில்லாதவர்கள் காலையில் அப்பாவிடம் வர வேண்டும். அவர் சீட்டுத் தந்தால் அன்று வேலைக்குப் போகத் தேவையில்லை. ஒரு நாளைக்கு ஐந்து சீட்டுக்கு மேல் கூடாது என்பது தோட்டத்தை நடத்திய துரையின் உத்தரவு. ஒரு நாள் ஆறாவதாக ஒரு பெண். நிறைமாதம், இடுப்பு வலி. இன்னும் நாள் இருக்கிறது, மலைக்கு வேலைக்குப் போ என்று அப்பா அனுப்பிவிட்டார். மத்தியானம், கொழுந்து பறிக்கும் இடத்திலேயே தாயும் போய், பிள்ளையும் போய்.

“அந்தக் கெழமையே பெட்டியக் கட்டிட்டாரு ஒங்கப்பா. அவருகிட்ட ஒன்னும் கேட்டுக்கிடாத.”

கோயிலில் என்ன கும்பிட்டேன் என்று தெரியவில்லை.

ஜூன் 13, புதன்

கமலா டீச்சர் பேச்சைத் திருத்தித் தந்தார். நான் சேர்த்த பத்தியைக் காட்டி, “நல்ல பந்திதான் பிள்ளை. எண்டாலும் முன்னோடியைப் பற்றிக் கதைக்கேக்க அவற்ற பிழையையும் சொல்லோணுமோ?”

“அதைச் சொன்னாத்தானே டீச்சர், அவர் ஏன் சபைக்குப் போனவர் எண்டு விளங்கும்?”

“வாய்க்காரி. உன்ர விருப்பம்.”

டீச்சரிடம் வாயடிக்க முடிகிறது. வீட்டுக்கு வந்தால் அப்பா, “சனிக்கெழம நானும் வாரேன். லீவு கேட்டுட்டேன்.” வர வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

இரண்டு பிரதி எழுதினேன். பத்தியோடு ஒன்று, இல்லாமல் ஒன்று. இரண்டும் மனப்பாடம்.

ஜூன் 16, சனி

ஏழாவது ஆள் நான். அப்பா கடைசி வரிசை, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. அந்த இடம் நெருங்கியபோது கைகளை மடியில் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்த முறை எழுந்து போக மாட்டார் என்று தெரிந்தது. அதனாலேயே வாய் வரவில்லை. தாண்டிவிட்டேன். டொ. மருந்துச்சாலை திறந்தார், சபைக்குப் போனார், கைதட்டல். இரண்டாம் பரிசு, ஓர் அகராதி. சந்தோஷமில்லை.

பஸ் பம்பலப்பிட்டியைத் தாண்டியது. அப்பா, “அந்த எடத்த விட்டுட்ட.”

“நேரம் பத்தாதுன்னு நெனச்சேன்ப்பா.”

“மணி அடிக்கலியே.”

நான் அகராதியின் அட்டையைத் துடைத்தேன்.

“அம்மா சொன்னாளா?”

தலையாட்டினேன். கொள்ளுப்பிட்டியில் ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள்.

“அந்த டொக்டராவது எழுதி வச்சாரு,” என்றார். “நான் எங்கயும் எழுதல. பேனா வச்சிருக்கியா?”

பேச்சுத் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். நோயாளிகளுக்கு எழுதுவது போலவே நிறுத்தி நிறுத்திச் சொன்னார். இங்கே அப்படியே:

காத்தாயி. வயது இருபத்திரண்டு. இரண்டாவது பிள்ளை. காய்ச்சல் இல்லை. வலி, காலை ஐந்தரையிலிருந்து. இரண்டு தரம் கேட்டாள். சீட்டுக் கொடுக்கவில்லை.