ஆயுத பூஜை எலுமிச்சம்பழம்

சேலம்,
12.3.2024

அன்பு மகள் மைதிலிக்கு,

அப்பா எழுதுவது. தாடையில் கம்பி கட்டியிருப்பதால் உன்னால் பேச முடியாது, சரி. பெற்ற அப்பனை உள்ளே விடாதே என்று நர்ஸுக்கு எழுதிக் காட்ட மட்டும் கை வருகிறதா? மூன்று நாளாக ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடக்கிறேன். இதை அம்மாவிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

உன் பயிற்சியாளர் அறிவழகனை அடித்தது தப்பா? இறங்குகிற விமானத்தைக் கவிழ்த்து என் பிள்ளையின் முகத்தை உடைத்தவனுக்கு மாலையா போடுவார்கள்? ஸ்ட்ரெச்சரிலிருந்து இழுத்துக் கீழே தள்ளி மிதித்தேன். கட்டுப் போட்ட கையைப் பிடித்து முறுக்கினேன். "ஏனுங்க, உட்ருங்க, செத்துருவாரு!" என்று உன் அம்மா கத்தியும் விடவில்லை. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

அவன் போன் பேசிக்கொண்டே இறக்கினான் என்று போலீஸில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். விசாரணைக்கு வருகிறவர்களிடம் நீயும் அதையே சொல். பைலட் ஆகப்போகிற பிள்ளை மேல் ஒரு சொல் விழக்கூடாது. வேளாவேளைக்குக் கஞ்சி குடி சாமி.

உன் அப்பா,
மருதாசலம்

13.3.2024

அப்பாவுக்கு,

சார் போனைத் தொடவே இல்லை. நீங்கள் பார்த்தீர்களா?

போன ஆயுத பூஜையில், போர்வெல் போடும் நம் ரிக் வண்டிகளின் டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினீர்கள். ஒன்றை என் கையில் கொடுத்து, "ஏரோப்ளேன் சக்கரத்துக்கு வெக்க உடமாட்டாங்க சாமி, சீட்டுக்கடில போட்டுக்க" என்றீர்கள். உள்ளே எதுவும் உருளக் கூடாது என்று சார் முதல் நாளே சொல்லியிருந்தார். நான் உங்கள் பேச்சைக் கேட்டேன். ஐந்து மாதமாக ஒளித்து எடுத்துப் போனேன். அது காய்ந்து கல்லாகிவிட்டது.

அன்று சக்கரம் ஓடுதளத்தில் மோதி எம்பியது. பழம் உருண்டு வலது பெடலுக்குப் பின்னால் சிக்கிக்கொண்டது. விமானம் இடப்பக்கம் இழுத்தது. நேராக்கப் பெடலைப் பலம் கொண்ட மட்டும் மிதித்தேன், பெடல் இறங்கவில்லை. சாருடைய பெடலும் அதோடு சேர்ந்துதான் நகரும். மண்ணில் பாய்ந்து, இறக்கை குத்தி, தலைகீழாக விழுந்தோம். வாயெல்லாம் ரத்தமும் பல்லும். என் மண்டை நொறுங்காமல் இருக்க சார் தன் இடது கையைக் குறுக்கே கொடுத்தார். அதுதான் உடைந்தது. அதைத்தான் நீங்கள் முறுக்கினீர்கள். நேற்று முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

உங்களை வெறுக்கிறேன் அப்பா. என்னையும்தான். நடந்ததை விசாரணைக்கு வந்தவர்களிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். இனி யார் என்னைப் பறக்க விடுவார்கள்? உங்கள் புகார் பொய் என்று எழுதிக் கொடுக்காமல் என் முகத்தில் விழிக்காதீர்கள்.

மைதிலி

16.3.2024

சாமி,

ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டேன். கையை முறுக்கியதையும் சேர்த்துத்தான். நாளைக் காலை வரச் சொல்லியிருக்கிறார்கள். திருப்பி அனுப்புவார்களா தெரியாது.

அறிவழகன் சாரைப் போய்ப் பார்த்தேன். "அடிங்க சார், வாங்கிக்கறேனுங்க" என்றேன். இருக்கிற ஒரு கையால் அறைந்தார். அவர் மனைவி ஓடி வந்து பிடிக்கும்வரை விடவில்லை. எனக்குப் பல் ஒன்று ஆடுகிறது. மூச்சு வாங்க உட்கார்ந்தவர், "புள்ளைக்குப் பேச்சு வந்துருச்சுங்களா?" என்று கேட்டார். சாமி, அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

நீ கூப்பிடாமல் உள்ளே வரமாட்டேன்.

அப்பா

17.3.2024

அப்பா,

கம்பியை எடுக்க ஆறு வாரம் ஆகுமாம். முதலில் சாரிடம்தான் பேசுவேன். உங்களிடம் எப்போது என்று எனக்கே தெரியவில்லை.

ஸ்டேஷனுக்குப் போய் வாருங்கள். ஆடுகிற பல்லை நாக்கால் நெருடாதீர்கள். உப்புத் தண்ணீரில் கொப்பளியுங்கள்.

மைதிலி