அருணுடைய விமானக் கம்ப்யூட்டர்

ஜூன் 3, 2025

எங்கள் தீப்பெட்டி ஆபீசில் லோடு ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தேன். காலையில் பார்த்த அதே பக்கமாகவே அருண் படுத்திருந்தான். விமானிப் பயிற்சியில் பாதி முடித்திருந்த தம்பிக்கு விடுதியில் வலிப்பு வந்தது. விமானம் ஓட்டுவதற்கான மருத்துவத் தகுதி போயிற்று. இப்போது மாத்திரையும் வேண்டாமாம்.

“போட்டா நோயாளின்னு ஒத்துக்கிட்ட மாதிரிக்கா.”

களைப்பாக இருக்கிறது.

ஜூன் 6

ஒரு யோசனை. வீட்டிலேயே விமானம் ஓட்டிப் பார்க்க ஒரு கம்ப்யூட்டர் செய்து கொடுத்தால்? திருநெல்வேலி டாக்டரிடம் போனில் கேட்டேன். மினுங்கும் வெளிச்சத்தால் வருகிற வலிப்பு இல்லை, சோதித்தாயிற்று, மாத்திரை போட்டுக்கொண்டு பார்க்கலாம் என்றார். போட்டால்தானே!

ஜூன் 9

அருணிடம் சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். “எனக்குப் பொம்மை பிளேன் வாங்கித் தாரியா?”

அவன் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

ஜூன் 12

கம்ப்யூட்டர் கடை நந்தகோபால் அண்ணாச்சி விளக்கினார். “கிராபிக்ஸ் கார்டு மட்டும் பெருசாப் போட்டாக் காணாது, பிளேனுக்குப் பிராசசரும் பலமா இருக்கணும். நம்ம ஊருப் புழுதிக்கு வலை வச்ச கேபினெட்டா எடுங்க.” தலையாட்டினேன். பாதி புரியவில்லை.

ஜூன் 13

“கேக்காதவனுக்கு எதுக்குட்டி வாங்குத?” என்கிறாள் அம்மா.

ஜூன் 15

கூடத்தில் நின்று அண்ணாச்சியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தேன். பவர் சப்ளை ஐந்நூற்றைம்பது வாட் போதுமா என்று கேட்டதும் உள்ளேயிருந்து சத்தம்.

“பத்தாதுக்கா. அந்தக் கார்டுக்கு எழுநூத்தம்பது வேணும்.”

அப்புறம் எழுந்தே வந்துவிட்டான், தாடியும் கசங்கிய பனியனுமாக. “யுபிஎஸ் சொன்னியா? கரண்டு போனா நடுவானத்துலயா நிக்க?” போனைப் பிடுங்கிக்கொண்டான். ஜாய்ஸ்டிக் வேண்டாமாம், நிஜ விமானம் மாதிரி இரண்டு கையாலும் பிடிக்கிற யோக் வேண்டும், காலுக்குப் பெடலும் வேண்டும்...

என் முகத்தைப் பார்க்கவேயில்லை. பார்க்காமலே பேசட்டும்.

ஜூன் 24

எல்லாப் பாகங்களையும் மாட்டிப் பூட்டியாயிற்று. திரையில் தூத்துக்குடி விமான நிலையத்திலிருந்து கிளம்பினான். மேலே ஏறியதும் யோக்கிலிருந்து கையை எடுத்துவிட்டான். விமானம் அது பாட்டுக்குப் போனது, இவன் அழுதான். தோளைத் தொட்டேன்.

“சீட்டு அதிர மாட்டேங்குதுக்கா.” கொஞ்சம் கழித்து, “இனிமே எனக்கு லைசென்ஸ் வராது, இல்ல?”

“வராதுலே.”

ஏன் இப்படிப் பட்டென்று சொன்னேன்? பொய் சொல்லத் தெம்பில்லை — அவ்வளவுதான்.

திரையில் கீழே கடல் வந்தது. மறுபடி யோக்கைப் பிடித்தான். மெல்லத் திருப்பினான்.

ஜூன் 25

காலையில் அடுப்படிக்கு வந்து தண்ணீர் கேட்டான். மாத்திரையைப் போட்டுக்கொண்டான். அம்மாவும் நானும் பார்க்காத மாதிரி இருந்தோம்.

ஜூலை 6

ஞாயிறு. மதுரைக்குப் போகலாம் வா என்று பக்கத்தில் உட்காரவைத்தான். எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை.

“ஏக்கா, இறங்கியாச்சு. நம்ம ஊருக்கு மேலதான் வந்தோம், பாத்தியா?”

“பாத்தேன்லே.”

“கொறட்டை விட்டுக்கிட்டா?” சிரித்துவிட்டான்.

நான் முழித்திருக்கிற நாளாகப் பார்த்துச் சொல்ல வேண்டுமாம், அன்றைக்குத்தான் திரும்புவானாம். விமானம் மதுரையிலேயே நிற்கிறது.